குறுகிய அலை, அகன்ற பாதை

நுழையும்முன்

வீட்டில் தங்குதடையின்றி ஓடும் காணொலி, மக்கள் திரண்ட விளையாட்டுத் திடலில் பாதியிலேயே நின்றுவிடுகிறது. அங்கே அலை எட்டாமலில்லை. ஒரே அலைவரிசையை ஆயிரக்கணக்கானோர் பகிர்வதால் நெரிசல் ஏற்படுகிறது. இந்நெரிசலைத் தீர்க்க வந்ததே மில்லிமீட்டர் அலைத் தொழில்நுட்பம்.

போஸ் காட்டிய வழி

இவ்வலைகள் நமக்குப் புதியவையல்ல. கொல்கத்தா பிரசிடென்சி கல்லூரிப் பேராசிரியர் ஜகதீச சந்திர போஸ், 1895ஆம் ஆண்டில் கம்பியின்றி அலையைச் செலுத்தித் தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்தார். அவர் ஆராய்ந்த அலைகளுள் சில 5 மில்லிமீட்டர் நீளமே கொண்டவை. 1897இல் இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனிலும் தம் கருவிகளை விளக்கினார்.

அகலமும் எல்லையும்

அதிர்வெண் மிகுந்தால் அலைநீளம் குறையும். 700 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 43 செ.மீ.; 26 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளமோ ஏறத்தாழ 11.5 மி.மீ. குறைந்த அதிர்வெண் பகுதியை வானொலி, தொலைக்காட்சி, கைப்பேசி ஆகியவை முன்பே நிரப்பிவிட்டன. உயர் அதிர்வெண் பகுதியில் இடம் மிகுதி. நான்காம் தலைமுறையில் ஓர் அலைத்தடத்தின் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் வரையே. ஐந்தாம் தலைமுறையின் மில்லிமீட்டர் அலைப்பகுதியில் அது 400 மெகாஹெர்ட்ஸ் வரை விரியும். பாதை அகன்றால் தரவுகள் விரைந்து செல்லும்.

எனினும், இவ்வலைகளைச் சுவர் தடுக்கும், மரத்தின் இலைகளும் கைப்பேசியைப் பற்றிய கையும் மறிக்கும், பெருமழை நலிவிக்கும். சில நூறு மீட்டருக்கு ஒரு சிறு நிலையம் தேவைப்படும்.

இக்குறையை ஈடுசெய்வதற்கும் குறுகிய அலைநீளமே துணைபுரிகிறது. அலை சிறிதாதலின் அலைவாங்கியும் சிறிதாகிறது. உள்ளங்கை அளவுப் பலகையில் பலவற்றைப் பதிக்கலாம். அவற்றிலிருந்து எழும் அலைகளின் நேரத்தைச் சற்றே முன்பின்னாக மாற்றினால், அவை ஒரு திசையில் மட்டும் ஒன்றுகூடி வலுப்பெறும். கைவிளக்கின் ஒளிபோல, அக்கற்றை பயனரை நோக்கித் திரும்பும்.

யாருக்கு எந்த அலை?

2022இல் நடைபெற்ற இந்திய அலைக்கற்றை ஏலத்தில் 700 மெகாஹெர்ட்ஸ், 26 கிகாஹெர்ட்ஸ் ஆகிய இரண்டுமே ஒதுக்கப்பட்டன. முன்னதைக் கொண்டு ஒரே கோபுரம் பல சிற்றூர்களுக்குப் பயன்படும். பின்னதற்கோ நிலையங்கள் பல வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மின்சாரமும் ஒளியிழை இணைப்பும் வேண்டும். செலவு மிகுவதால், மக்கள் அடர்ந்த நகரங்களையே அது முதலில் நாடும். கைப்பேசி வழியே பாடம் கற்கும் மலையூர் மாணவிக்கு முதல் தேவை மிகுவேகமன்று, அறுபடாத இணைப்பு. நகரத்தின் நெரிசலைத் தீர்க்கும் அலையோடு, அவள் வீட்டை எட்டும் அலையும் சேர்ந்து வளர்ந்தால்தான் தகவல்தொடர்பு வளர்ச்சி எல்லார்க்கும் உரியதாகும்.

சிந்திக்க: உங்கள் ஊருக்கு இன்று மிகுதியாகத் தேவைப்படுவது எந்த அலை? காரணத்துடன் எழுதுக.