சிதறிய புள்ளிகளின்மேல் ஒரு பரப்பு

மலைச்சரிவில் அளந்தெடுக்கும் உயரங்கள் ஒழுங்கான கட்டங்களில் அமைவதில்லை. கால் வைக்க முடிந்த இடங்களில்தான் அமைகின்றன. இடைப்பட்ட நிலத்தின் உயரத்தை எவ்வாறு கணிப்பது?

அமெரிக்க நில அளவையியல் அறிஞர் ரோலண்ட் ஹார்டி 1971இல் ஒரு வழி சொன்னார். ஒவ்வொரு புள்ளியையும் மையமாகக் கொண்டு கிண்ணம் போன்ற வழவழப்பான பரப்பு ஒன்றை வைக்க வேண்டும். ஒவ்வொன்றையும் ஓர் எண்ணால் பெருக்கி, அனைத்தையும் கூட்ட வேண்டும். குறை எண்ணால் பெருக்கினால் கிண்ணம் கவிழும். கூட்டிய பரப்பு அளந்த உயரங்கள் எல்லாவற்றையும் தொடும்படி அந்த எண்களைக் கண்டறிய வேண்டும். நூறு புள்ளிகள் என்றால் நூறு சமன்பாடுகள்.

அவற்றுக்கு எப்போதும் தீர்வு உண்டா? ஹார்டியிடம் நிரூபணம் இல்லை. 1982இல் ரிச்சர்ட் ஃபிராங்க் பல முறைகளை ஒப்பிட்டபோது இம்முறை முன்வரிசையில் நின்றது. அப்போதும் நிரூபணம் இல்லை! 1986இல்தான் சார்ல்ஸ் மிச்செல்லி நிறுவினார்: இரு புள்ளிகள் ஒரே இடத்தில் விழாதவரை தீர்வு உறுதி.

ஆனால், ஓர் உயரத்தைத் தவறாகக் குறித்திருந்தால், பரப்பு அந்தத் தவற்றின் வழியாகவும் அதே வழவழப்போடு செல்லும்.