மலையேற்றத்துக்கு எந்த டார்ச் லைட்?

கேள்வி: வெள்ளியங்கிரி மலையில் இரவில் ஏறுவோருக்கும், அன்றாடம் சட்டைப்பையில் வைத்துக்கொள்வதற்கும் பொருத்தமான டார்ச் லைட் எது?

பதில்: விளக்கு உமிழும் மொத்த ஒளியின் அளவான லூமென் என்பதே கடைக்காரர் முதலில் காட்டும் எண்ணாக இருப்பினும், கற்படிகளில் கால் வைக்குமிடம் தெரிவதற்கு 50 முதல் 100 லூமென் வரை போதுமாதலாலும், சிறு விளக்குகள் உச்ச வெளிச்சத்தில் சில நிமிடங்களிலேயே சூடேறித் தம் ஒளியைத் தாமே குறைத்துக்கொள்வதாலும், ஆயிரத்தைத் தாண்டும் எண்களுக்குப் பணம் கொடுப்பது பெரும்பாலும் வீண். பெட்டியில் அச்சிட்ட எரியும் நேரத்தையும் அப்படியே நம்பலாகாது; எஃப்.எல்.1 என்னும் அமெரிக்கத் தர அளவீட்டின்படி, தொடக்க ஒளி பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும் வரையிலான நேரமே அங்கு குறிக்கப்படுகிறது என்பதால், அதன் பிற்பகுதி வெறும் மங்கல் வெளிச்சமாகவும் இருக்கக்கூடும்.

18 மி.மீ. விட்டமும் 65 மி.மீ. நீளமும் கொண்டதால் 18650 எனப்படும் லித்தியம் அயனி பேட்டரியை, அதாவது திரும்பத் திரும்ப சார்ஜ் செய்யத்தக்க மின்கலத்தை, கழற்றி மாற்றும் வசதி கொண்ட விளக்கே விரும்பத்தக்கது. மழைச் சாரலுக்கு ஐ.பி.எக்ஸ்.4, அதாவது எத்திசையிலிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும் தரம், போதும். ஏறுவோரின் ஒரு கையை மூங்கில் தடி பிடித்துக்கொள்வதால், தொப்பியின் விளிம்பில் செருகத்தக்க கிளிப் உள்ளதா என்பதையும் வாங்கும்போதே செருகிப் பார்த்துவிடுவது நல்லது.