மூடியைவிடச் சட்டம் முக்கியம்

எங்கள் வீட்டு சம்ப்புக்கு, அதாவது தரைக்கடியில் உள்ள தண்ணீர்த் தொட்டிக்கு, முதலில் இருந்தது இரும்பு மூடி. இரண்டடிக்கு இரண்டடி, செக்கர்டு பிளேட். திருவான்மியூர் உப்புக்காற்றில் ஐந்தாறு வருடத்துக்குள் ஓரமெல்லாம் செதில் செதிலாகப் பெயர்ந்து, துரு குடிதண்ணீரிலேயே விழ ஆரம்பித்தது. அலுமினியத்துக்கு மாறினோம். பொருத்த வந்த கொத்தனார் சட்டத்தை ஈர சிமென்ட் கலவையில் அப்படியே பதித்துவிட்டுப் போனார். அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் சட்டத்தைச் சுற்றி அரிசிமாவு தூவியதுபோல வெள்ளைப் பொடி. துடைத்துப் பார்த்தால் உலோகத்தில் பொடிப் பொடியாகக் குழிகள். அந்த மூடி இப்போது பழைய இரும்புக் கடையில். மூன்றாவது மூடி வாங்கும்போதுதான் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று தெரிந்திருந்தது.

வாங்கப் போகுமுன் அதை யார் திறக்கப்போகிறார்கள் என்று யோசியுங்கள். 4 மி.மீ. கனமுள்ள இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 31 கிலோ. அதே கனத்தில் அலுமினியம் 11 கிலோ. இரண்டடி மூடிக்குக் கணக்கிட்டால் 12 கிலோவுக்குப் பதில் 4 கிலோ. வயதானவர்கூட ஒரு கையால் தூக்கிவிடலாம். எட்டு வயதுப் பிள்ளையும் தூக்கிவிடலாம் என்பதால் பூட்டு மாட்டும் வசதி இல்லாத மூடியை சம்ப்புக்கு வாங்கவே வேண்டாம்.

அடுத்தது அளவு. கடைக்காரர் சொல்வது பெரும்பாலும் வெளிச்சட்டத்தின் அளவு. நமக்கு வேண்டியது உள்ளே மிஞ்சும் இடைவெளி. சம்ப்பில் ஒரு ஆள் இறங்க இரண்டடி போதும். ஏணி வழியாக மொட்டைமாடிக்கு ஏறும் திறப்பு என்றால், கையில் கருவிப்பையோடு ஒருவர் நிமிர்ந்து ஏற 75 செ.மீ.க்கு 90 செ.மீ. ஆவது வேண்டும். கட்டியிருக்கும் திறப்பின் இரண்டு மூலைவிட்டங்களையும் டேப் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துவரவில்லையென்றால் திறப்பு கோணல். புதுச் சட்டம் அதில் சரியாக உட்காராது.

பிறகு சுமை. மேன்ஹோல் மூடி விற்கும் கடைகளில் எல்டி 2.5, எம்டி 10 என்பார்கள். அந்த எண்கள் டன் கணக்கு. ஆள் நடக்கிற இடத்துக்கு முதலாவது போதும். ஆனால் அடுக்குமாடிகளில் சம்ப் பெரும்பாலும் கார் நிற்கும் இடத்துக்கு அடியில்தான் இருக்கும். அங்கே சாதாரண அலுமினியத் தகடு ஆகாது. வண்டிச் சுமைக்கென்றே செய்த மூடியைக் கேளுங்கள், இல்லையேல் வார்ப்பிரும்பே மேல். ஒரே கனத்தில் அலுமினியம் இரும்பைவிட மூன்று மடங்கு வளையும். அதனால் மூடியைக் கவிழ்த்துப் பாருங்கள்: அடியில் குறுக்குப் பட்டைகள் பற்றவைத்திருக்க வேண்டும். நிமிர்த்தி வைத்து நடுவில் குதிகாலை ஊன்றினால் ‘டொப்’பென்று தகடு உள்வாங்கும் மூடியை அங்கேயே வைத்துவிட்டு வரலாம்.

இனிச் சட்டம். என் பணம் வீணானது இங்கேதான். ஈர சிமென்ட் கடும் காரம், அலுமினியத்தை அரித்துவிடும். கலவை படும் பக்கமெல்லாம் கருப்பு பிட்டுமென் பெயிண்ட் இரண்டு கோட் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகுதான் பதிக்க வேண்டும். ஸ்குரூவும் கீலும் எஸ்.எஸ். ஆக இருக்கட்டும், நடுவில் நைலான் வாஷர் போடச் சொல்லுங்கள். வேறு உலோகம் அலுமினியத்தைத் தொட்டபடி ஈரத்தில் கிடந்தால், உப்புக்காற்று உள்ள ஊரில் அரிப்பு இன்னும் வேகமாகும். செம்பு இன்னும் மோசம், எர்த் கம்பி உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடலோரத்துக்கு 5052 போன்ற அலுமினியக் கலப்புலோகம் ஏற்றது. எந்த கிரேடு என்று ஃபேப்ரிகேட்டரைக் கேளுங்கள். “எல்லாம் ஒண்ணுதான் சார்” என்று பதில் வந்தால் வேறு பட்டறைக்குப் போய்விடலாம்.

மாடித் திறப்பைத் தளமட்டத்தில் வைக்கக் கூடாது. சுற்றிலும் ஒரு அடி உயரத்துக்குக் கட்டை எழுப்பி, வாட்டர்புரூஃபிங் பூச்சைக் கட்டையின் மேல்வரை ஏற்றி, மூடியின் உதடு வெளிப்பக்கம் மடிந்து இறங்கும்படி அமைக்க வேண்டும். தரைமூடியில் சட்டத்தைச் சுற்றி வாய்க்கால்போல ஒரு பள்ளமும், அதிலிருந்து ஒரு வடிகுழாயும் இருப்பது நல்லது. அந்தக் குழாய் சம்ப்புக்குள்ளேயே திறந்திருந்த ஒரு வீட்டை நான் பார்த்திருக்கிறேன்; வாசல் கழுவிய தண்ணீர் முழுக்க உள்ளே. ரப்பர் பீடிங் நாலு மூலையிலும் இடைவெளியில்லாமல் சேர வேண்டும். இடைவெளி இருந்தால் கொசு உள்ளே போய்விடும்; டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும்.

காற்றை மறக்காதீர்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வீசியது. லேசான மூடிக்கு அது பட்டம் விடுகிற காற்று. மாடி மூடிக்கு இரண்டு இடத்திலாவது கொண்டி வேண்டும். திறந்து நிறுத்தும் கை தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் ஏறுகிறவர் தலையில் விழும். உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்கவும் வர வேண்டும்.

சம்ப் மூடிக்குக் கீழே ஒரு கம்பி வலைக் கதவும் கேட்டு வாங்குங்கள். மூடி திறந்திருக்கும்போது கால் தவறினாலும் தாங்கும். கழுவ இறங்குமுன் மூடியை நெடுநேரம் திறந்து வையுங்கள். மேலே ஒருவர் நிற்காமல் யாரையும் இறக்காதீர்கள். மூடிய தொட்டிக்குள் சுவாசிக்கப் போதிய காற்று இல்லாமல் போகலாம்.

பொருத்தி முடித்த மறுநாள் மூடியைப் பூட்டி, மேலே இரண்டு பக்கெட் தண்ணீர் ஊற்றுங்கள். பிறகு திறந்து, உள்விளிம்பை உலர்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். பாக்கிப் பணத்தை அதற்கப்புறம் கொடுத்தால் போதும்.