தோளில் தட்டிய கை

அன்புள்ள வாசகிக்கு,

எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் படுத்திருந்தபோது யாரோ தோளைத் தட்டிக்கொண்டே இருந்ததுபோல் தோன்றியது என்று எழுதியிருந்தீர்கள். வெளியே வந்து சொன்னதற்கு, "எல்லாம் மனப்பிரமை" என்று டெக்னீஷியன் சிரித்தாராம். பிரமை இல்லையம்மா, தட்டியது நிஜம். 'தோளைத் தட்டுகிற யந்திரம் நெஞ்சைத் தட்டாதா?' என்ற உங்கள் கேள்வியும், இந்த யந்திரங்களைக் கட்டியவர்களே தூக்கம் கெட்டு யோசித்த கேள்விதான்.

குழாய்க்குள் பெரிய காந்தப்புலம் ஒன்று அசையாமல் நிற்கிறது. அதன்மேல் சிறு புலங்களைச் சில மின்சுருள்கள் சடசடவென ஏற்றி இறக்குகின்றன. உடம்பில் எது எங்கே இருக்கிறது என்று படத்தில் பிரித்துக் காட்டுவது அவைதான். உங்கள் காதைப் பிளந்த இடிச்சத்தமும் அவற்றுடையதே. காந்தப்புலம் மாறினால் மின்சாரம் பிறக்கும் என்று 1831-இல் ஃபாரடே காட்டினார். அவர் கையில் இருந்தது செப்புக்கம்பி. நம் உடம்போ உப்புநீர்ப் பை. அதிலும் கொஞ்சம் மின்சாரம் ஓடத்தான் செய்யும்.

அந்த மின்சாரம் நரம்பைச் சீண்டியதுதான் உங்கள் தோளில் பட்ட தட்டல். நரம்பு தொட்டாற்சுருங்கி மாதிரி, ஒரு சொடுக்குப் போதும். இதயத் தசை கூடத்தில் தொங்கும் கனத்த மர ஊஞ்சல். சுண்டிவிட்டால் அசையாது, கையை வைத்துத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். தசையோ நரம்போ விழிக்க எவ்வளவு நேரம் தள்ள வேண்டும் என்பதற்கு லூயி லாபிக் 1909-லேயே ஓர் அளவு வகுத்தார். இன்றைய எம்.ஆர்.ஐ. பாதுகாப்பு விதி அத்தகைய நேர அளவை நரம்புக்கு 0.36 மில்லி விநாடி என்றும், இதயத்துக்கு 3 மில்லி விநாடி என்றும் எடுத்துக்கொள்கிறது. ஸ்கேனரோ ஒரு பக்கம் தள்ளிய கையோடு மறுபக்கமும் இழுத்துவிடுகிறது. ஊஞ்சல் நகர நேரமே கிடைப்பதில்லை.

கணக்கைப் பாருங்கள். புலம் 0.3 மில்லி விநாடியில் ஏறினால், அந்த விதிப்படி நரம்பு விழிப்பது விநாடிக்கு 44 டெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) வேகத்தில். இதயத்துக்கான வரம்பு 210. ஆக, இதயத்துக்கு வெகு முன்னால் தோள்தான் முறையிடும். ஆனால் ஏறும் நேரத்தை 3 மில்லி விநாடியாக நீட்டினால் இரண்டும் 22, 32 என்று நெருங்கி வந்துவிடுகின்றன. எனக்கு உறுத்தும் இடம் இது. அவ்வளவு நேரம் அந்த வேகத்தில் ஏற்ற, மீட்டருக்கு 40 முதல் 80 மில்லி டெஸ்லா தரும் மருத்துவமனை யந்திரங்களுக்குத் தெம்பு கிடையாது. அதனால் இதய வரம்பு பல ஆண்டுகள் ஏட்டுச் சுரைக்காயாகவே கிடந்தது. பாஸ்டனில் மூளையின் நரம்பிழைகளைப் படமெடுக்க 300, பிறகு 500 மில்லி டெஸ்லா வரை போகும் ஆராய்ச்சி யந்திரங்கள் வந்த பிறகுதான் அது நிஜமாகவே குறுக்கே நிற்கிறது.

அந்த வரம்பை மனிதர்மேல் சோதித்துப் பார்க்க முடியாதே! பர்டூ பல்கலைக்கழகத்தில் நாய்களில் சோதித்தார்கள். அவற்றின் இதயத்தைத் தூண்ட, மருத்துவ ஸ்கேனர்கள் தருவதைவிட வெகு அதிகம் தேவைப்பட்டது. 2021-இல் மனித உடலையும் நாயின் உடலையும் கணினியில் அமைத்துப் பார்த்த ஓர் ஆய்வும், வரம்பு தேவைக்கு மேலேயே கறாராக இருக்கிறது என்றது. கறாராகவே இருக்கட்டும் என்பது என் கட்சி.

இந்த ஆபத்துப் பேச்சில் எம்.ஆர்.ஐ. முன்னோடி பீட்டர் மான்ஸ்ஃபீல்டைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1978-இல் நாட்டிங்ஹாமில் தன் குழு கட்டிய முழு உடல் ஸ்கேனருக்குள், ஆபத்து வரலாம் என்ற எச்சரிக்கையையும் மீறி, முதல் ஆளாகத் தானே நுழைந்தவர். 2003-இல் நோபல் பரிசு பெற்றார். 83 வயதுவரை வாழ்ந்தார்.

அடுத்த முறை ஸ்கேனுக்குப் போனால், உள்ளே கைகளைக் கோத்துக்கொள்ளாதீர்கள். கோத்த கைகள் மின்சாரம் சுற்றிவர ஒரு வளையமாகிவிடும், தட்டல் கூடும். வலிக்கிற அளவுக்குத் தட்டினால், கையில் கொடுத்திருக்கும் ரப்பர் பந்தை அமுக்குங்கள், நிறுத்துவார்கள். யார் சிரித்தாலும் சிரிக்கட்டும்.

உங்கள் மாமியாருக்கு பேஸ்மேக்கர் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். மேலே சொன்ன கணக்கு எதுவும் அவருக்குப் பொருந்தாது. நெஞ்சுக்குள் கம்பி இருந்தால் கதையே வேறு. எம்.ஆர்.ஐ.க்கு ஒத்துவரும் பேஸ்மேக்கர்களும் இருக்கின்றன, ஒத்துவராதவையும் இருக்கின்றன. அது பொருத்தியபோது கொடுத்த அட்டையைத் தேடி எடுத்து, தேதி வாங்கும் முன்பே இதய மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளன்