இறால் ஓடும் நம்ம குடலும்

மெக்கானிக்கல்காரனுக்கு பயாலஜியில என்ன வேலைன்னு கேட்காதீங்க. விஷயம் எங்க வீட்டுல ஆரம்பிச்சது.

கொட்டாரத்துல எங்க ஆச்சி, குடத்து வாயில பழைய துணியை மடிச்சுக் கட்டித்தான் தண்ணி ஊத்துவா. "பாக்டீரியா ரெண்டு மூணு மைக்ரான்தான் ஆச்சி, துணி ஓட்டை அதைவிடப் பெருசு"ன்னு நக்கலடிச்சிருக்கேன். கணக்கு சரிதான். ஆனா ஒரு விஷயத்தை விட்டுட்டேன்: ஒட்டுதல்.

குடல் எப்பவும் உள்ளே இருப்பதைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அதில் ஒட்ட முடியாத கிருமி நோய் தராமல் வெளியே போய்விடும். ஆகவே கிருமிக்கு முதல் தேவை பிடிமானம். அதைத் தருவது புரதங்கள். காலராவை எடுத்துக்குவோம்.

முதல் படி: ஜிபிபிஏ என்ற புரதம். கிருமி இதை வெளியே சுரக்கும். அது குடலின் கோழைப் படலத்தில் இருக்கும் அசிட்டைல் குளுக்கோசமைன் என்ற சர்க்கரையைப் பிடித்துக்கொள்ளும்.

இரண்டாம் படி: டிசிபி என்ற புரத மயிரிழைகள். இவை கிருமிகளை ஒன்றோடொன்று பின்னிக் கூட்டமாக்கும்.

மூன்றாவதாகத்தான் நச்சு. குடலிலிருந்து உப்பும் தண்ணீரும் கொட்டும். இந்த நச்சு இருப்பதை 1959-இல் கொல்கத்தாவில் நிரூபித்தவர் சம்பு நாத் டே.

1992-இல் சென்னையில் ஓ139 என்ற புது காலரா வந்தது நினைவிருக்கட்டும். அது மேல்சட்டையை மாற்றியிருந்ததால், பழைய காலராவுக்கு எதிர்ப்புசக்தி இருந்த பெரியவர்களையும் தாக்கியது. ஆனால் டிசிபியும் நச்சும் அப்படியே இருந்தன. சட்டை மாறுச்சு, கை மாறல!

இப்போ ஆச்சி துணிக்கு வருவோம். இறால் ஓட்டில் இருக்கும் கைட்டின், அதே சர்க்கரையின் சங்கிலிதான். 2005-இல் வந்த ஆய்வு சொன்னது இதுதான்: கடலிலும் குளத்திலும் ஓட்டைப் பிடிக்கும் அதே ஜிபிபிஏதான் நம்ம குடலையும் பிடிக்குது. இறாலுக்குத் தூரத்துச் சொந்தமான குட்டி மிதவை உயிரிகள் மேலும் காலரா கிருமி ஒட்டியிருக்கும். அந்த உயிரிகள் மடிச்ச துணியைத் தாண்டாது! வங்கதேச கிராமங்களில் ரீட்டா கால்வெல் குழு பழைய சேலையை நாலாக மடித்து வடிகட்டச் சொன்னது. காலரா 48 சதவீதம் குறைந்ததாக 2003-இல் எழுதினார்கள்.

ஆனா தனியா மிதக்கும் கிருமி துணியைத் தாண்டிரும். அதனால கொதிக்க வைக்கிறதை விட்டுராதீங்க.

போன லீவுல ஆச்சிகிட்ட இதெல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "அப்போ அரிக்கவும் செய்யணும், காய்ச்சவும் செய்யணும். இதுக்கா மக்ளே நாலு வருசம் படிச்ச?"ன்னா.