விசுவாசிகளின் மன்றாட்டு யாருடையது?

ஞாயிறு திருப்பலியிலே விசுவாசப் பிரமாணம் முடிந்ததும் ஒருவர் எழுந்து சென்று நான்கைந்து மன்றாட்டுக்களை வாசிக்கிறார். நாமும் "கேட்டருளும்" என்று பதிலளித்துவிட்டு அமர்கிறோம். காணிக்கை எடுக்கும் வேளையில், சற்றுமுன் எதற்காக மன்றாடினீர்கள் என்று எவரேனும் கேட்டால் உங்களாற் சொல்ல முடியுமா?

இது சங்கத்தின் பின் புதிதாகப் புகுத்தப்பட்டதொன்றன்று. எல்லா மனிதருக்காகவும், ஆட்சிபுரிவோருக்காகவும் மன்றாடும்படி திமோத்தேயுவுக்கு எழுதிய முதல் திருமுகத்தின் இரண்டாம் அதிகாரம் பணிக்கிறது. கி.பி. 155ஆம் ஆண்டளவில் புனித யுஸ்தீன் எழுதிய விளக்கத்தில், மறையுரைக்குப் பின் எல்லாரும் ஒருங்கே எழுந்து செபித்ததைக் காண்கிறோம். பின்னர் உரோமை வழிபாட்டிலே அது மங்கி மறைந்தது. பெரிய வெள்ளிக்கிழமைப் பெருமன்றாட்டுக்களில் மட்டும் அதன் பழைய உருவம் எஞ்சியிருந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4ஆம் திகதி வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனத்தின் 53ஆம் பிரிவே அதை நமக்கு மீட்டுத் தந்தது.

"விசுவாசிகளின்" என்ற பெயரைக் கவனியுங்கள். அழைப்பும் முடிவுச் செபமும் குருவானவருடையவை. மன்றாடுவதோ மக்கள், திருமுழுக்கினாற் பெற்ற குருத்துவப் பணியையே அப்பொழுது செய்கிறார்கள். ஆதலால் அச்சிட்ட புத்தகத்தை அப்படியே வாசித்து முடிப்பது, வேறொருவர் எழுதிய கடிதத்திலே நாம் கையொப்பமிடுவது போன்றதே.

திருச்சபை, நாடும் உலகும், துன்புறுவோர், பங்குச் சமூகம் என்பது வழமையான ஒழுங்கு. முதலிரண்டுக்கும் புத்தகம் ஓரளவு உதவும். பின்னிரண்டிலேதான் நாம் வறியவராகிறோம். நோயாளருக்காகப் பொதுவாக மன்றாடுகிறோம். மூன்றாம் வாங்கிலே வழமையாக இருக்கும் மூதாட்டி மூன்று வாரமாக வரவில்லையென்பதை எவரும் விசாரிப்பதில்லை. சமாதானத்துக்காக மன்றாடுகிறோம், 2009இல் முடிந்த போரிலே காணாமற்போன மகனை இன்றும் தேடும் தாய்க்கு ஒரு வரியேனும் கிடைப்பதில்லை. காற்றின் கடுமையால் ஒரு கிழமையாகக் கடலுக்குப் போகாத குடும்பங்களும் அதே ஆலயத்தில்தான் இருக்கின்றன.

எழுதுவது பெரிய காரியமன்று. வட்டாரத்துக்கு ஒருவர் சனிக்கிழமைக்கு முன் விசாரித்துக் குறித்துக் கொடுத்தாற் போதும். வாசகர் அவற்றைச் சுருக்கமாக எழுதிப் பங்குத்தந்தையிடம் காட்டலாம். ஒருவரின் நோயையோ குடும்பச் சிக்கலையோ அவரைக் கேளாமற் பகிரங்கப்படுத்தலாகாது. "குடிப்பவர்கள் மனந்திரும்ப" என்று வாசித்துக்கொண்டே ஒரு குறித்த வாங்கைப் பார்ப்பவர்களும் உளர்! அது மன்றாட்டன்று; வசை.

ஒவ்வொரு மன்றாட்டின் பின்னும் சற்று மௌனம் விடுங்கள். மகனைத் தேடும் அந்தத் தாய்க்கு அவனுடைய பெயரை மனத்துக்குள் சொல்ல நேரம் வேண்டும். பூசை முடிந்ததும் அந்தத் தாளை எறிந்துவிட வேண்டாம். மூதாட்டியின் வீட்டுக்கு யார் போவது, எப்பொழுது போவது என்று அடுத்த வட்டாரக் கூட்டத்திலே தீர்மானிக்க அது தேவைப்படும்.