உடலிற் கரையும் பொருள்கள்

கட்டடம் எழும்புங்கால் சவுக்குக் கழிகளாற் சாரங் கட்டுவதையும், சுவர் தன்னைத் தானே தாங்கத்தக்க நிலை எய்தியபின் அதனைப் பிரித்தெடுப்பதையும் நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். சரீரத்தினுள் கட்டப்படும் சாரத்தைப் பிரிப்பவர் யார்? மீண்டுங் கத்தியெடாமல் அது தானே மறைய வேண்டுமாயின், மறையுங் காலத்தையும் முன்னரே அதனுள் அமைத்துவைத்தல் வேண்டும். இப்பொருள்களைப்பற்றிய ஆராய்ச்சியெல்லாம் இக்காலக் கணக்கைச் சுற்றியே நிற்கின்றது.

இவற்றுள் முற்பட்டது 'காட்கட்' எனப்படும் தையல் நூல். பெயரிற் பூனை தோன்றினும், அது ஆடுமாடுகளின் குடலினின்று திரிக்கப்படுவதே. அதனைக் கார்பாலிக் அமிலத்தாற் பக்குவஞ்செய்து இரத்தக்குழாய்களைக் கட்டிய முறையை ஜோசப் லிஸ்டர் 1869-ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஆயின், குடல் நூலைச் சரீரத்திலுள்ள என்சைம்கள் செரித்தே அகற்றுகின்றன. ஆகையால், அழற்சியுள்ள புண்ணில் விரைவிலும், மற்றைய இடங்களில் தாமதித்தும் அது கரையும். நம்பத்தக்க கணக்கு அதற்கில்லை.

அத்தகைய கணக்குக்கு வழி, கழித்து ஒதுக்கப்பட்ட ஒரு பொருளினின்று பிறந்தது. அமெரிக்காவில் டூபாண்ட் கம்பெனியின் ஆராய்ச்சிச் சாலையில் 1930-ஐ அடுத்த ஆண்டுகளில் வாலஸ் கரோதர்ஸ் என்பார் பாலியெஸ்டர்களை ஆராய்ந்தார். அவர் செய்தவை குறைந்த வெப்பத்தில் உருகின, ஜலத்தாற் சிதைந்தன. ஆடைக்கு உதவாவென அவற்றை விடுத்து, 1935-இல் நைலானைக் கண்டார். ஜலத்திற்குத் தோற்பதாகிய அக்குற்றமே பின்னர்க் குணமாயிற்று. பாலிகிளைக்காலிக் அமிலம் என்னும் பாலியெஸ்டராலாகிய தையல் நூல் 1970-இல் 'டெக்ஸான்' என்ற பெயரால் விற்பனைக்கு வந்தது.

இந்நூலின் நீண்ட சங்கிலியிலுள்ள எஸ்டர்ப் பிணைப்புகளைச் சரீரத்தின் ஜலமே அறுக்கின்றது. துண்டுகள் கிளைக்காலிக் அமிலமாகி, முடிவிற் பெரும்பாலும் கரியமிலவாயுவும் ஜலமுமாய் வெளியேறும். லாக்டிக் அமிலச் சங்கிலியோ கண்ணிதோறும் மெதில் தொகுதி ஒன்றை மிகுதியாக உடையது. அது ஜலத்தை விலக்குதலால், முற்றுங் கரைய இரண்டாண்டுக்கு மேலும் ஆகலாம். கிளைக்காலிக் 90 பங்கும் லாக்டிக் 10 பங்கும் சேர்ந்த 'விக்ரில்' நூல் மூன்று வாரங்களில் ஏறக்குறைய பாதி வலிமையை இழந்து, 56 முதல் 70 நாட்களுக்குள் மறைகின்றது. சரிபாதியாகக் கலந்தால் இடைப்பட்ட காலங் கிடைக்குமென்று கணக்கிடும் மாணாக்கர் ஏமாறுவர். (வகுப்பிற் பலரும் அவ்வாறே விடையிறுப்பர்.) அக்கலவையே மிக விரைவிற் சிதையும், தனித்திருக்குங்கால் ஒழுங்காக அடுக்கிப் படிகமாய் நிற்குஞ் சங்கிலிகள், கலந்தவிடத்து அடுக்குக் குலைந்து ஜலத்திற்கு வழிவிடுகின்றன.

தைப்பதோடு நில்லாமல் உறுப்பையே வளர்த்தல் கூடுமோ என்ற வினாவை விரித்து, ராபர்ட் லாங்கர், ஜோசப் வகான்டி ஆகிய இருவரும் 1993-இல் 'சயன்ஸ்' பத்திரிகையில் எழுதினர். 1997-இல் வெளியான சோதனையொன்றில், பாலிகிளைக்காலிக் இழைகளைக் குழந்தையின் காது வடிவாக அமைத்து, மாட்டின் குருத்தெலும்பு உயிரணுக்களை அதில் விதைத்து, எலியின் முதுகுத்தோலின்கீழ் வைத்தனர். இழை கரைந்தது, குருத்தெலும்பாலாகிய காது வடிவம் நின்றது. அப்படத்தைக் கண்டோர், எலிக்கு மனிதக் காது முளைத்ததென்றே கருதினர்!

காலக் கணக்குப் பிழைத்தால் விளைவது யாது என்பதை இதயம் காட்டிற்று. அடைபட்ட இதயக் குழாயை விரித்துத் தாங்கும் உலோக ஸ்டென்டுக்கு மாற்றாக, லாக்டிக் பாலிமராற் செய்த 'அப்ஸார்ப்' என்னுங் கருவியை அமெரிக்க அரசாங்கம் 2016-இல் அங்கீகரித்தது. அது மறைய ஏறக்குறைய மூன்றாண்டுகள் வேண்டும். பாலிமர் உலோகத்தினும் வலிமை குன்றியதாகையால் அதன் கம்பிகளைப் பருமனாக அமைக்க நேர்ந்தது. உலோக ஸ்டென்டைக் காட்டிலும் இதனுள் இரத்தம் மிகுதியாக உறைந்தது. கரைவதற்குக் குறித்த காலம் நிறைவதற்கு முன்னரே நோயாளிகள் சிலர்க்கு ஆபத்து நேர்ந்தது. 2017-இல் விற்பனை நிறுத்தப்பட்டது. கம்பிகளை மெல்லியனவாக்கிச் செய்த மற்றொன்று, முழங்காலுக்குக் கீழுள்ள குழாய்களுக்கென 2024-இல் அங்கீகாரம் பெற்றது.